அரைச் சூடு, அரைப் புளிப்பு: உணவுக் கிருமிகள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன? கேள்விகளும் பதில்களும்

மதுரையில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். உணவு வழியாகப் பரவும் பாக்டீரியாக்கள் சூட்டையும் புளிப்பையும் உப்பையும் குளிரையும் எப்படித் தாங்குகின்றன என்பதை, அவற்றின் மரபணு வெளிப்பாட்டை அளந்து பார்ப்பதுதான் எங்கள் ஆய்வகத்தின் வேலை. முதுகலை மாணவர்கள் கேட்கும் கேள்விகள் ஒரு பக்கம் வரும். சித்திரைத் திருவிழாவுக்கு அன்னதானம் போடுபவர்கள், மெஸ் நடத்துபவர்கள், வீட்டில் மாவு அரைப்பவர்கள் கேட்பவை இன்னொரு பக்கம் வரும். இரண்டையும் பிரித்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. அண்டாவுக்குள் நடப்பதும் எங்கள் குடுவைக்குள் நடப்பதும் ஒன்றுதான்.

மரபணு வெளிப்பாடு என்றால் என்ன? எளிமையாகச் சொல்லுங்கள் மேடம்.

உணவு வழியாக நோய் தரும் சால்மோனெல்லா என்ற பாக்டீரியாவிடம் சுமார் 4,500 மரபணுக்கள் இருக்கின்றன. எல்லாம் எப்போதும் வேலை செய்வதில்லை. எந்த மரபணு தேவையோ, அதைப் பார்த்து ஒரு நகல் எழுதப்படும். அந்த நகல்தான் தூது ஆர்.என்.ஏ. அதைப் படித்து, செல்லுக்குள் இருக்கும் ரைபோசோம் என்ற இயந்திரம் புரதத்தைச் செய்யும். இந்த நிமிடத்தில் ஒரு மரபணுவுக்கு எத்தனை நகல்கள் இருக்கின்றன என்று எண்ணுவதைத்தான் வெளிப்பாட்டை அளப்பது என்கிறோம்.

வீட்டில் ஒரு விசேஷம் வந்தால் பரணிலிருந்து எது இறங்கியிருக்கிறது என்று பார்த்தே என்ன சமையல் என்று சொல்லிவிடலாம். இட்லிக் கொப்பரை இறங்கினால் காலைப் பந்தி, பெரிய அண்டா இறங்கினால் மதியச் சாப்பாடு. டி.என்.ஏ. என்பது பரணில் இருப்பதெல்லாம். ஆர்.என்.ஏ. என்பது இன்று இறக்கி அடுப்பில் ஏற்றியது.

கிருமி இருக்கிறதா, இல்லையா என்று பார்த்தால் போதாதா? அது என்ன நினைக்கிறது என்றெல்லாம் ஏன் பார்க்க வேண்டும்?

ஒரு மெஸ் உரிமையாளர் இதைக் கேட்டார். நியாயமான கேள்வி. கடைக்கு அது போதும். ஆனால் ஒரே எண்ணிக்கையில் கிருமி இருக்கும் இரண்டு பாத்திரங்கள் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்பதுதான் எங்களை இந்த வேலைக்கு இழுத்தது.

1990-ல் ஃபாஸ்டர், ஹால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சால்மோனெல்லாவை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். நடுநிலையான திரவத்தில் வளர்ந்த கிருமியை நேராக பி.எச். (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு கூடும்) 3.3 உள்ள கடும் புளிப்பில் போட்டால் மளமளவென்று செத்தது. அதே கிருமியை முதலில் பி.எச். 5.8 என்ற லேசான புளிப்பில் சிறிது நேரம் வைத்துவிட்டுப் பிறகு 3.3-ல் போட்டபோது பல மடங்கு அதிகமாகப் பிழைத்தது. மரபணு மாறவில்லை. எந்த மரபணு வேலை செய்கிறது என்பது மட்டும் மாறியிருக்கிறது. லேசான தொந்தரவு கிருமிக்கு முன்னறிவிப்பாகிவிட்டது.

நம் வயிற்றின் அமிலம் ஒரு காவல். லேசாகப் புளித்த உணவில் தயாராகி வந்த கிருமி அந்தக் காவலைத் தாண்ட அதிக வாய்ப்பு இருக்கிறது. அதுவும் போக, புளிப்புக்குப் பழகிய சால்மோனெல்லா சூட்டையும் உப்பையும் கூடக் கூடுதலாகத் தாங்குகிறது. ஒன்றுக்குத் தயாரானால் மற்றதற்கும் பாதுகாப்பு கிடைக்கும் இந்தக் குணம்தான் எனக்கு மிகவும் கவலை தருவது.

யார் இந்த உத்தரவைக் கொடுக்கிறார்கள்? கிருமிக்கு மூளையா இருக்கிறது?

மூளை இல்லை, சிக்மா காரணிகள் இருக்கின்றன. நகலெழுதும் இயந்திரமான ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் தானாக எந்த மரபணு முன்னாலும் நிற்கத் தெரியாதது. அதோடு ஒட்டிக்கொள்ளும் சிக்மா என்ற புரதம்தான் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்கிறது. சப்பரம் தூக்குபவர்கள் அதே ஆட்கள்தான், எந்த மண்டகப்படியில் இறக்குவது என்பதை முன்னால் போகிறவர் சொல்வார் இல்லையா, அப்படி.

சால்மோனெல்லாவிலும் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவிலும் பட்டினி, புளிப்பு, உப்பு போன்ற பொதுவான நெருக்கடிகளுக்கு ஆர்போ-எஸ் என்ற சிக்மா. சூட்டுக்கு ஆர்போ-எச். லிஸ்டீரியா, பேசில்லஸ் சீரியஸ் என்ற வேறு இரண்டு உணவுக் கிருமிகளில் பொதுவான நெருக்கடி வேலையைச் செய்வது சிக்மா-பி.

டீச்சரம்மா, மத்தியான சாம்பாரை சாயங்காலம் லேசாகச் சுடவைத்துப் பரிமாறினால் கிருமி செத்துவிடாதா?

இதைக் கேட்டவர் பல வருடமாக அன்னதானப் பந்திக்குச் சமைக்கிறவர். அவரிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

சாதாரணமாக ஒரு கிருமிக்குள் டி.என்.ஏ.-கே என்ற உதவிப் புரதம் ஆர்போ-எச்சைப் பிடித்து வைத்திருக்கும். பிடிபட்ட ஆர்போ-எச் சீக்கிரம் வெட்டி அழிக்கப்பட்டுவிடும். சூடு ஏறியதும் செல்லுக்குள் இருக்கும் புரதங்கள் குலைகின்றன. குலைந்த புரதங்களைச் சரிசெய்ய டி.என்.ஏ.-கே ஓடுகிறது. பிடி விட்டுப்போகிறது, ஆர்போ-எச் நிலைத்து நிற்கிறது. அதோடு, ஆர்போ-எச்சின் தூது ஆர்.என்.ஏ.வே ஒரு வெப்பமானி மாதிரி. குளிரில் மடிந்து கிடப்பது சூட்டில் பிரிந்து, ரைபோசோம் படிக்க வழிவிடுகிறது. சில நிமிடங்களிலேயே சூட்டு அதிர்ச்சிப் புரதங்கள் குவிந்துவிடும். இத்தனையும் நடக்க கிருமி உயிரோடு இருக்க வேண்டும். 45 டிகிரி செல்சியஸ் சூடு அதற்கு வசதியான சூடு. கொல்லாது, தயார்ப்படுத்தும். பிறகு 55, 60 என்று ஏற்றும்போது, திடீரெனச் சூடுபட்ட கிருமியைவிட இது நீண்ட நேரம் நிற்கும்.

அதனால்தான் சிறு தீயில் மெதுவாக ஏற்றுவது ஆகாது என்கிறேன். சாம்பார் ஓரத்தில் குமிழி விட்டால் போதாது, கரண்டி போட்டுக் கிளறி நடுவிலும் தளதளவென்று கொதிக்க வேண்டும். நல்ல கொதியில் சில நிமிடம் நின்றால் எந்தப் பயிற்சி பெற்ற சால்மோனெல்லாவும் நிற்காது. பரிமாறும்வரை 60 டிகிரிக்குக் கீழே இறங்க விடக்கூடாது.

இன்னொன்றும் அவரிடம் சொன்னேன். 50 லிட்டர் அண்டாவின் மேல்பக்கம் ஆறிவிடும், நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். கறிக்குழம்பு என்றால் அந்தச் சூட்டில் கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரின்ஜென்ஸ் என்ற கிருமி 10 நிமிடத்துக்குள் இரட்டிக்கக் கூடியது. அகலமான தட்டையான பாத்திரங்களில் பிரித்து ஊற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ஈ.கோலை புளிப்பை எப்படித் தாங்குகிறது? புத்தகத்தில் படித்தும் புரியவில்லை.

புளிப்பு என்றால் புரோட்டான். கிருமிக்குள் புரோட்டான் புகுந்துகொண்டே இருந்தால் உள்ளே எல்லாம் நின்றுபோகும். ஈ.கோலை குளூட்டமேட் என்ற அமினோ அமிலத்தை எடுத்து, அதிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரித்து, காபா என்ற பொருளாக மாற்றுகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு புரோட்டான் செலவாகிறது. காபாவை வெளியே தள்ளி அதே வாசல் வழியாக அடுத்த குளூட்டமேட்டை உள்ளே வாங்குகிறது. கிணற்றுத் தண்ணீரை இறைத்து ஊற்றுவது மாதிரிதான். கேட்-ஏ, கேட்-பி மரபணுக்கள் மாற்றும் நொதியைத் தருகின்றன, கேட்-சி வாசலைத் தருகிறது. சால்மோனெல்லாவிடம் இந்தத் தொகுதி கிடையாது. அது லைசினையும் ஆர்ஜினினையும் வைத்து இதே தந்திரத்தைச் செய்கிறது. தேர்வில் இந்த இரண்டையும் குழப்பி எழுதுகிறவர்கள் அதிகம்.

குடுவையிலிருந்து ஒரு எண் வரும்வரை என்னதான் செய்கிறீர்கள்?

37 டிகிரியில் வளரும் கிருமியை, அது சுறுசுறுப்பாகப் பெருகும் கட்டத்தில் இரண்டு குடுவைகளில் பிரிக்கிறோம். ஒன்று அப்படியே இருக்கும். இன்னொன்றில் அமிலம் சேர்த்து பி.எச்.சை இறக்குகிறோம். குறித்த நேரத்தில் இரண்டிலிருந்தும் எடுக்கிறோம். இங்கேதான் முதல் ஆபத்து. பாக்டீரியாவின் தூது ஆர்.என்.ஏ.வுக்கு ஆயுள் சில நிமிடங்கள்தான். குடுவையை எடுத்து, பேசிக்கொண்டே சென்ட்ரிஃப்யூஜுக்கு நடந்தால், நீங்கள் அளப்பது அமிலத்தின் விளைவை அல்ல, அந்த நடையின் விளைவை. அதனால் எடுத்த கணமே, எத்தனாலில் 5 சதவீதம் ஃபீனால் கலந்த குளிர்ந்த கரைசலை ஐந்தில் ஒரு பங்கு ஊற்றி ஐஸில் வைத்துவிட வேண்டும். எல்லாம் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

பிறகு செல்லை உடைத்து ஆர்.என்.ஏ. பிரிப்பு. அடுத்தது டி.என்.ஏ.வை நொதி கொண்டு அழிப்பது. ஆர்.என்.ஏ.வைப் பார்த்து டி.என்.ஏ. எழுதும் நொதியான ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் சேர்க்காத ஒரு குழாயைக் கட்டாயம் கூடவே ஓட்டுங்கள். அதிலும் சமிக்ஞை வந்தால் டி.என்.ஏ. ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், அந்த முடிவை வைத்து எதுவும் எழுதக்கூடாது. ஆர்.என்.ஏ.வை அந்த நொதியால் சி.டி.என்.ஏ.வாக (டி.என்.ஏ. நகலாக) மாற்றிய பிறகுதான், அதைச் சுற்றுச் சுற்றாக இரட்டித்து அளக்கும் பி.சி.ஆர்.

கோடை மின்வெட்டில் ஒருமுறை எங்கள் டீப் ஃபிரீசர் இரவு முழுக்க நின்றுபோனது. நான்கு மாதம் சேர்த்த குழாய்கள். காலையில் திறந்தபோது ஐஸ் உருகித் தட்டில் தண்ணீர் நின்றது, லேபிள் மை கரைந்து நீலமாக ஓடியிருந்தது. ஆர்.என்.ஏ.வை அளந்து பார்க்கக்கூட மாணவிக்கு மனம் வரவில்லை. அன்று முதல் ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு பகுதியை உடனே சி.டி.என்.ஏ.வாக மாற்றி வேறொரு ஃபிரீசரில் வைக்கிறோம். சி.டி.என்.ஏ. அவ்வளவு சீக்கிரம் கெடாது.

மேடம், ஆர்.என்.ஏ.வை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் 23எஸ் பட்டை உடைந்து தெரிகிறது. ஆர்.என்.ஏ. கெட்டுவிட்டதா?

எந்தக் கிருமி என்று முதலில் சொல்லுங்கள். ஈ.கோலை என்றால் ரைபோசோமின் ஆர்.என்.ஏ.க்களான (ஆர்.ஆர்.என்.ஏ.) 23எஸ், 16எஸ் இரண்டும் பளிச்சென்று இரண்டு பட்டையாக நிற்க வேண்டும். சால்மோனெல்லா என்றால் பதறாதீர்கள். அதன் 23எஸ் ஆர்.ஆர்.என்.ஏ.வுக்குள் இடைச்செருகல் துண்டுகள் உண்டு. கிருமியே அவற்றை வெட்டி எறிந்துவிடும், வெட்டிய இடத்தை ஒட்டுவதில்லை. ஆகவே நல்ல ஆர்.என்.ஏ.விலேயே 23எஸ் துண்டுகளாகத்தான் தெரியும். இது தெரியாமல் அருமையான ஒரு தொகுப்பைத் தொட்டியில் கொட்டிய மாணவரைப் பார்த்திருக்கிறேன். 16எஸ் பட்டை கூர்மையாக இருக்கிறதா, கீழே புகைமாதிரி இழுத்திருக்கிறதா என்று பாருங்கள்.

சி.டி. மதிப்பு 24-லிருந்து 20-க்கு இறங்கியது. 16 மடங்கு கூடியது என்று எழுதலாமா?

அவசரப்படக்கூடாது. சி.டி. என்பது பி.சி.ஆரில் சமிக்ஞை தெரிய எத்தனை சுற்று ஆனது என்ற எண், அது குறைந்தால் நகல்கள் அதிகம். ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பதால் 4 சுற்று வித்தியாசம் 16 மடங்கு என்பது கணக்கு சரி. ஆனால் குழாயில் எவ்வளவு ஆர்.என்.ஏ. போட்டீர்கள்? அதற்குத்தான் எந்த நிலையிலும் மாறாத ஒப்பீட்டு மரபணு. சாதாரணக் குடுவையில் உங்கள் மரபணு 24, ஒப்பீட்டு மரபணு 16 என்று வைத்துக்கொள்ளுங்கள், வித்தியாசம் 8. அமிலக் குடுவையில் உங்கள் மரபணு 20, ஒப்பீடு 14, வித்தியாசம் 6. இரண்டுக்கும் இடையே 2 சுற்றுதான். உண்மையான உயர்வு 4 மடங்கு. மீதி, குழாயில் கூடுதலாக விழுந்த ஆர்.என்.ஏ. 2001-ல் லிவாக், ஷ்மிட்கென் இருவரும் வெளியிட்ட கணக்கு முறை இதுதான். இரண்டு பிரைமர் ஜோடிகளும் (மரபணுவைப் பிடிக்கும் சிறு டி.என்.ஏ. துண்டுகள்) ஏறக்குறைய முழுத் திறனோடு இரட்டிக்கின்றன என்று காட்டிய பிறகே இது செல்லும்.

16எஸ்ஸை ஒப்பீடாக எடுப்பவர்கள் நிறைய. செல்லில் அது அளவுக்கு மீறி இருக்கிறது, சின்ன மாற்றங்களை விழுங்கிவிடும். ஜைர்-பி மாதிரி இரண்டு மூன்று மரபணுக்களைச் சோதித்து, உங்கள் நெருக்கடியில் அசையாமல் நிற்பதைத் தேர்ந்தெடுங்கள்.

ஆர்.என்.ஏ. சீக்வென்சிங் (செல்லின் எல்லா ஆர்.என்.ஏ.வையும் ஒன்றாக வாசிப்பது) செய்தால் எல்லாம் ஒரே தடவையில் வந்துவிடுமே?

வரும். ஆனால் செல்லின் ஆர்.என்.ஏ.வில் பெரும்பகுதி ரைபோசோம் ஆர்.என்.ஏ.தான், அதை முதலில் நீக்க வேண்டும். நம் செல்களின் தூது ஆர்.என்.ஏ.வுக்கு இருக்கும் நீண்ட வாலைப் பிடித்து இழுப்பதுபோல இங்கே இழுக்க முடியாது. 4,500 மரபணுக்களை 0.05 (நூறில் ஐந்து தற்செயலாகத் தவறலாம்) என்ற அளவில் சோதித்தால் எதுவுமே மாறாதபோதும் 225 மரபணுக்கள் மாறியதாகத் தெரியும், அதற்கான திருத்தம் கட்டாயம். தனித்தனியாக வளர்த்த மூன்று கல்ச்சராவது வேண்டும். ஒரே கல்ச்சரை மூன்று குழாயில் ஊற்றுவது மூன்று ஆகாது. கையில் தெளிவான கேள்வி இருந்தால் பத்து மரபணுக்களுக்கு கியூ.பி.சி.ஆர். (மேலே சொன்ன, சுற்றை எண்ணும் பி.சி.ஆர்.) செய்வதே மேல்.

கிருமி புளிப்பைத் தாங்கியது. ஆனால் ஆர்போ-எஸ் ஆர்.என்.ஏ. ஏறவே இல்லை. எங்கே தப்பு செய்தேன்?

பெரும்பாலும் எங்கேயும் இல்லை. இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் துறையின் எல்லை இதில்தான் தெரிகிறது.

சுறுசுறுப்பாக வளரும் செல்லில் ஆர்போ-எஸ்ஸின் ஆர்.என்.ஏ. ஏற்கெனவே ஓரளவு இருக்கும். ஆனால் அதிலிருந்து வரும் புரதத்தை ஒரு துணைப் புரதம் பிடித்து கிளிப்-எக்ஸ்-பி என்ற வெட்டும் இயந்திரத்திடம் கொடுத்துக்கொண்டே இருக்கும். நெருக்கடி வந்தால் வெட்டுவது நிற்கும், புரதம் சேரும். சிறிய ஆர்.என்.ஏ.க்கள் ஒட்டி அந்த நகலைப் படிக்க எளிதாக்குவதும் உண்டு. ஆக, ஆர்.என்.ஏ. அளவு அப்படியே இருக்க, செல் முழுவதும் நெருக்கடி நிலைக்கு மாறியிருக்கும். அதனால் ஆர்போ-எஸ்ஸை நேராக அளக்காமல் அது தூண்டும் மரபணுக்களை அளங்கள். ஆஸ்ம்-ஒய், கேட்டலேஸ் நொதியைத் தரும் கேட்-ஈ (katE, மேலே சொன்ன gad வரிசை அல்ல), டிரெஹலோஸ் என்ற சர்க்கரையைத் தயாரிக்கும் ஓ.டி.எஸ்.-ஏ இவை நல்ல சாட்சிகள்.

அதோடு நிறுத்தவும் கூடாது. ஒரு மரபணு 30 மடங்கு ஏறியது என்பதால் மட்டும் அதுதான் கிருமியைக் காப்பாற்றியது என்று ஆகிவிடாது. செல் குலைந்துபோனதன் அடையாளமாகவும் அது ஏறியிருக்கலாம். அந்த மரபணுவை நீக்கிய கிருமியை உருவாக்கி, அதே புளிப்பில் போட்டு, 10 நிமிடத்துக்கு ஒருமுறை பிளேட்டில் பரப்பி, எத்தனை பிழைத்தது என்று எண்ணுங்கள். மரபணுவைத் திருப்பிக் கொடுத்ததும் தாங்கும் சக்தி திரும்பி வருகிறதா என்றும் பாருங்கள். இதைச் செய்யாமல் வண்ணப் படங்களோடு வரும் ஆய்வுக் கட்டுரைகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அடுத்த நாள் காலை உட்கார்ந்து காலனி எண்ணும் வேலை இருக்கிறதே, அதற்கு மாற்றே கிடையாது.

இன்னொரு எச்சரிக்கை: நாம் அளப்பது கோடிக்கணக்கான செல்களின் சராசரி. ஆயிரத்தில் ஒரு செல் மட்டும் முன்கூட்டியே தயாராக இருந்தால் சராசரியில் அது தெரியாது. கடைசியில் பிழைப்பது அந்த ஒன்றாகவும் இருக்கலாம்.

ஃபிரிட்ஜில் வைத்தால் பயமில்லைதானே?

சால்மோனெல்லாவைப் பொறுத்தவரை 5 டிகிரியில் வளர்ச்சி நின்றுவிடும், சாகாது. லிஸ்டீரியா அங்கேயும் மெதுவாக வளரும். குளிரில் ஆர்.என்.ஏ. தனக்குள் முறுக்கிக்கொள்ளும், அதைப் பிரித்துவிடும் குளிர் அதிர்ச்சிப் புரதங்களை அது செய்கிறது. சவ்வின் கொழுப்பை மாற்றி இளக்கமாக வைக்கிறது. உப்பையும் குளிரையும் சமாளிக்க பீட்டைன் என்ற பொருளை வெளியிலிருந்து இழுத்துச் சேர்த்துக்கொள்கிறது. தென்னாப்பிரிக்காவில் 2017-18-ல் பதப்படுத்திய இறைச்சி வழியாக லிஸ்டீரியா பரவி ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள், 200-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். கர்ப்பிணிகளுக்கு இது தனி ஆபத்து. ஃபிரிட்ஜில் வைத்ததை நாள் கணக்கில் வைக்காமல் எடுத்து, நன்றாகக் கொதிக்கவைத்துச் சாப்பிடுங்கள். ஐஸுக்கும் இதே விதி: உறையவைப்பது கிருமியைத் தூங்கவைக்கும், அவ்வளவுதான். ஜிகர்தண்டா கடையில் ஐஸ் எந்தத் தண்ணீரில் ஆனது என்று கேட்பதில் தவறே இல்லை.

பழைய சோறு நல்லதா, கெட்டதா?

இரவு தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் புளிப்பேற்றி மற்றவற்றை அடக்குகின்றன. நானும் சாப்பிடுகிறேன். கவலை அதற்கு முந்தைய சில மணி நேரம். பேசில்லஸ் சீரியஸின் வித்துகள் சோறு வேகும் கொதியிலும் சாவதில்லை, சொல்லப்போனால் அந்தச் சூடே அவற்றை எழுப்பிவிடுகிறது. வடித்த சோற்றைத் தண்ணீர் ஊற்றாமல் மூடி வைத்துவிட்டால் அவை முளைத்துப் பெருகும். அவற்றில் சில வகைகள் செரியுலைட் என்ற வாந்தி நச்சைச் செய்யும், அதை எத்தனை முறை சுடவைத்தாலும் போகாது. சோறு ஆறியவுடன் தண்ணீர் ஊற்றுங்கள், மறுநாள் காலையிலேயே சாப்பிட்டு முடியுங்கள்.

மிளகாய்த்தூள், மல்லித்தூளில் ஈரமே இல்லையே, அதில் எப்படிக் கிருமி?

காய்ந்த பொடியில் சால்மோனெல்லா பெருகாது, மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். டிரெஹலோஸ் போன்ற பொருட்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். காய்ந்த நிலையில் அதன் சூடு தாங்கும் சக்தி வெகுவாகக் கூடுகிறது. குழம்பில் சட்டென்று சாகும் கிருமி, வாணலியில் லேசாகப் புரட்டிய பொடியில் சாகாமல் இருக்கலாம். வெந்த பண்டத்தின் மேல் பச்சையாகத் தூவுவதைவிடக் கொதிக்கும்போதே போடுங்கள்.

இந்தச் சோதனைகளைக் கல்லூரியில் நாங்களே செய்யலாமா?

நோய் தரும் கிருமிகளை, உயிரிப் பாதுகாப்பு இரண்டாம் நிலை வசதியும் அனுமதியும் இல்லாத இடத்தில் தொடாதீர்கள். பயிற்சிக்கு நோய் தராத ஆய்வக வகையான ஈ.கோலை கே-12 போதும். லிஸ்டீரியா தேவை என்றால் நோய் தராத உறவுக்காரன் லிஸ்டீரியா இன்னோகுவா இருக்கிறது. முறையும் கணக்கும் ஒன்றுதான்.

எங்கள் கடைத் தேங்காய்ச் சட்னியைக் கொண்டுவந்தால் மரபணு வெளிப்பாடு பார்த்துச் சொல்வீர்களா?

பார்க்க முடியாது அண்ணே. சட்னியில் கொழுப்பும் புரதமும் அதன் சொந்தக் கிருமிகளும் நிறைந்திருக்கின்றன. அதற்குள் கிடக்கும் நூறு சால்மோனெல்லாவின் ஆர்.என்.ஏ. எங்களுக்குத் தெரியவே தெரியாது. உங்களுக்கு வேண்டியது சாதாரண கல்ச்சர் சோதனை, அங்கீகாரம் பெற்ற உணவு ஆய்வகத்தில் அதைச் செய்வார்கள்.

ஆனால் சட்னியைப் பற்றிக் கேட்டதே பெரிய விஷயம். இட்லி ஆவியில் வெந்துவிடுகிறது, சாம்பார் கொதிக்கிறது, தேங்காய்ச் சட்னி மட்டும் அடுப்பையே பார்ப்பதில்லை. புளிப்பும் குறைவு. மதுரை மே மாத வெயிலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் ஒரே ஒரு கிருமி 7 மணி நேரத்தில் 20 லட்சமாகும். காலை அரைத்த சட்னியில் மாலை கொஞ்சம் புதிதாக அரைத்துக் கலப்பதுதான் வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். பழையதன் லேசான புளிப்பில் பழகிய கிருமிக்குப் புதிய தேங்காயைச் சாப்பாடாகக் கொடுக்கிறோம். இரண்டு மணி நேரத்துக்கு ஆகும் அளவு மட்டும் அரையுங்கள். மிஞ்சினால் கொட்டிவிட்டுப் பாத்திரத்தை வெந்நீரில் கழுவிக் கவிழ்த்து, நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்த ஈடு அரையுங்கள்.